கப்பித்தான் எந்தக் கரையில் இறங்கினான்

நானூறு வருடங்களுக்கு முன்பு செத்துப்போன ஒரு ஸ்பானியக்காரன் தன் மகளின் கலியாணத்தைக் குழப்புவான் என்று வசந்தமலர் கனவிலும் நினைத்ததில்லை. சாதகம் பொருந்தவில்லை என்று குழம்பினால் அதில் ஒரு நியாயம் இருக்கும். சாதகம் அச்சாவாகப் பொருந்தியிருந்தது. மாப்பிள்ளை ஹரிசன் தங்கமான பிள்ளை, மகள் ஜதுர்ஷிகாவோடு ஒரே இடத்தில் படித்தவன். மண்டபம் எடுத்தாயிற்று, ஐயருக்குச் சொல்லியாயிற்று, கூறைச் சேலையும் வந்துவிட்டது. தாலிக்குப் பொன்னுருக்கும் நாளை மாப்பிள்ளை வீட்டார் சொல்லவேண்டியதுதான் பாக்கி. அதைத்தான் மாப்பிள்ளையின் தகப்பன் யோகராஜா சொல்லமாட்டேன் என்று லண்டனின் ஹரோவில் குந்திக்கொண்டிருந்தார்.

"முதல்ல கல்லைப் பற்றிக் கதைப்பம். பொன்னுருக்கலைப் பிறகு பாப்பம்" என்றார் அவர் ஃபோனில்.

கல்லைப் பற்றிச் சொல்லவேண்டும் என்றால் முருகைத்தீவைப் பற்றிச் சொல்லவேண்டும். யாழ்ப்பாணத்துக்கு மேற்கே கடலுக்குள் கிடக்கும் தீவு அது. சைக்கிளில் வெளிக்கிட்டால் வெயில் ஏறுமுன் சுற்றி வந்துவிடலாம். அவ்வளவு சின்னத் தீவுக்குள்ளும் கிழக்கு, மேற்கு என்று இரண்டு பக்கம் இருந்தது. கிழக்கில் நல்ல தண்ணீர்க் கிணறுகள். மேற்கில் வள்ளம் கட்டுவதற்கு ஆழமான துறை. தண்ணீர் எங்களுடையது என்று கிழக்காரும் துறை எங்களுடையது என்று மேற்காரும் அந்தக் காலத்திலேயே முறுகிக்கொண்டவர்கள்தான். நாட்டில் சண்டை வந்து, சனம் கொழும்புக்கும் இந்தியாவுக்கும் லண்டனுக்கும் சிதறிப்போய், தீவில் ஆட்களை விட மாடுகள் கூடிவிட்ட பிறகும் அந்த முறுகல் மட்டும் பத்திரமாக விமானம் ஏறி வந்து சேர்ந்துவிட்டது. கிழக்கார் கோலியர்ஸ் வுட்டிலும் டூட்டிங்கிலும் ஒரு சங்கம் வைத்திருந்தார்கள். மேற்கார் ஹரோவில் இன்னொரு சங்கம். கிழக்குச் சங்கத்தின் செயலாளர் வசந்தமலரின் கணவர் தவபாலன், பஸ் ஓட்டுகிறவர். மேற்குச் சங்கத்தின் தலைவர் யோகராஜா, கணக்காளர். பிள்ளைகள் விரும்பிவிட்டார்களே என்று இரண்டு பேரும் பல்லைக் கடித்துக்கொண்டு சம்மதித்திருந்தார்கள்.

அந்த நேரம் பார்த்துத்தான் யாரோ ஒருவர் இணையத்தில் அரைப்பக்கக் கட்டுரை ஒன்றைக் கண்டுபிடித்துத் தொலைத்தார். எஸ்தெபான் தெ லார்ரேயா என்று ஒரு ஸ்பானியக் கப்பித்தான். போர்த்துக்கலும் ஸ்பெயினும் ஒரே அரசனின் கீழ் இருந்த காலம். மணிலாவிலிருந்து கோவாவுக்குப் போகையில் புயலில் வழி தவறி, குடிதண்ணீர் முடிந்து, யாழ்ப்பாணத்துத் தீவுகளுக்குள் வந்தானாம். பவளப்பாறையான வெள்ளை முருகைக் கல் கரை கொண்ட ஒரு தீவுக்குத் தண்ணீர் தேடிப் படகு அனுப்பினானாம். கட்டுரை அதோடு முடிந்துவிட்டது. சங்கங்கள் தொடங்கிவிட்டன.

தண்ணீர் தேடி வந்தவன் தண்ணீர் உள்ள பக்கம்தானே இறங்குவான் என்றது கிழக்கு. கப்பலோடு வந்தவன் ஆழமுள்ள பக்கம்தானே இறங்குவான் என்றது மேற்கு. 'ஸ்பானியக் கப்பித்தான் கால் பதித்த கரை' என்று ஊரில் நினைவுக்கல் நாட்டுவதற்கு இரண்டு சங்கமும் தனித்தனியே தீர்மானம் நிறைவேற்றின. இரண்டு கல்லும் கருங்கல்லில் பொளிந்து எழுத்தும் வெட்டியாயிற்று. கிழக்கார் தங்கள் கல்லை நாட்டினால் தான் கலியாணத்துக்கே வரப்போவதில்லை என்று யோகராஜா சொன்னார். வராவிட்டால் போகட்டும் என்று தவபாலன் சொன்னார். கலியாணம் கட்டப்போகிற இரண்டு பேரையும் ஒருவரும் எதுவும் கேட்கவில்லை.

ஜதுர்ஷிகா சாப்பிடாமல் கொள்ளாமல் மெலிந்துகொண்டு வந்தாள். வசந்தமலருக்குப் பெற்ற வயிறு பற்றி எரிந்தது. கடைசியில் பிள்ளைகள்தான் வழி கண்டுபிடித்தார்கள். ஸ்பெயினில் அந்தக் கப்பித்தான் தன் அரசனுக்கு எழுதிய பயண அறிக்கையை முழுதாக வாசித்த ஒரு பேராசிரியர் இருந்தார். இனெஸ் என்று பெயர். ஹரிசன் அவருக்கு எழுதினான். அவரும் லண்டனுக்கு வரும் வேலை இருக்கிறது, வந்து பேசுகிறேன் என்றுவிட்டார்.

"அம்மா, சிம்பிள். வாசிச்ச ஆள் சொல்லட்டும். ரெண்டு பேரும் கேட்கட்டும்" என்றாள் ஜதுர்ஷிகா.

அது அவ்வளவு சிம்பிளாக இருக்கும் என்று வசந்தமலருக்குத் தோன்றவில்லை. இனெஸ் கிழக்கு என்று சொன்னால் யோகராஜா எழும்பிப் போய்விடுவார். மேற்கு என்றால் தவபாலன் வீட்டில் இருந்து கொதிப்பார். எப்படிப் பார்த்தாலும் மகளின் தலைதான் உருளப்போகிறது.

அதற்கு மேல் இன்னொரு இக்கட்டு. வரப்போகிறவர்களில் பாதிப்பேர் வயது போனவர்கள், ஸ்பானிய வாயால் வரும் இங்கிலிஷ் அவர்களுக்கு ஏறாது. யார் மொழிபெயர்ப்பது? சங்கங்கள் ஒத்துப்போன ஒரே விஷயம் இதுதான்: வசந்தமலர். அவளுக்கு அதுதான் தொழில். ஆஸ்பத்திரியிலும் நீதிமன்றத்திலும் கவுன்சில் அலுவலகத்திலும் தமிழ் ஆட்களுக்காக நின்று மொழிபெயர்ப்பவள். இரண்டு பக்கத்தாரின் நோய்களும் வழக்குகளும் அவள் வாய் வழியாகப் போயிருந்தன, ஒன்றுகூட வெளியே கசிந்ததில்லை. யோகராஜாவின் தாயாருக்குப் புற்றுநோய் முற்றிவிட்டது என்று வைத்தியர் சொன்னபோது அதைத் தமிழில் சொன்னது அவள்தான். அப்போது அவர்கள் சம்மந்திகளாக வரப்போகிறார்கள் என்று யார் கண்டது?

அந்தத் தொழிலுக்குச் சில கட்டுப்பாடுகள் உண்டு. கூட்டக்கூடாது, குறைக்கக்கூடாது. பேசுகிறவர் 'நான்' என்றால் இவளும் 'நான்' என்றே சொல்லவேண்டும். அறைக்குள் யார் எதைச் சொன்னாலும் அது மற்றவருக்குப் போய்ச் சேரவேண்டும். திட்டினாலும்தான்.

ஸ்ட்ரெதமில் ஒரு ஹோல் எடுத்தார்கள். இடம் கிழக்காருக்குக் கிட்ட என்று மேற்கார் முணுமுணுத்தபடியால் சாப்பாட்டை ஹரோவிலிருந்து எடுப்பது என்று சமாதானமாயிற்று. ஞாயிறு மத்தியானம் வடையும் கடலையும் மெட்ரோபொலிட்டன் லைன் ரயிலில் ஏறி வந்து, ஆறிப்போய் இறங்கின.

தவபாலன் அவளைக் குசினிப் பக்கம் இழுத்துக்கொண்டு போனார்.

"இஞ்சை பாரும் மலர். அவ ஏதும் எங்கட பக்கமாச் சொன்னா கொஞ்சம் அழுத்திச் சொல்லும்."

"அவ சொல்லுறதைச் சொல்லுவன். அழுத்தவும் மாட்டன், தேய்க்கவும் மாட்டன்."

"அப்ப அவையின்ர பக்கமாச் சொன்னா? அதையும் அப்பிடியே சொல்லுவீரோ?"

"ஓம்."

"நல்ல மனிசிதான் நீர்" என்று அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார். அவர் கேட்டதை அவள் தானே தனக்குள் ஏற்கெனவே கேட்டுப் பார்த்திருந்தாள்.

ஹோலில் இடப்பக்கம் கிழக்கார், வலப்பக்கம் மேற்கார். நடுவில் ஒரு பாதை. முதல் வரிசையில் சால்வை போட்டுக்கொண்டு யோகராஜா. இனெஸ் சின்ன உருவம், நரைத்த கட்டைத் தலைமயிர், சிரித்த முகம். இந்த மனிசிக்குத் தான் எங்கே வந்து மாட்டியிருக்கிறேன் என்று தெரியாது என்று வசந்தமலர் பரிதாபப்பட்டாள். மைக்கைப் பிடித்து, எப்போதும் சொல்லுவதைத் தமிழிலும் இங்கிலிஷிலும் சொன்னாள்.

"அவ சொல்லுறதை நான் தமிழில சொல்லுவன். அதே மாதிரி இந்த ஹோலுக்குள்ள ஆர் என்ன சொன்னாலும் அதை அவவுக்கு இங்கிலிஷில சொல்லுவன். ஒண்டையும் விடமாட்டன்."

எல்லோரும் தலையாட்டினார்கள். ஒருவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இன்னும் வடை சுற்றிக்கொண்டிருந்தது.

இனெஸ் தொடங்கினார். மணிலா, புயல், முறிந்த பாய்மரம், காலியான தண்ணீர்ப் பீப்பாக்கள். நிறுத்தி நிறுத்திப் பேசத் தெரிந்தவர், வசந்தமலருக்கு வேலை சுகமாக இருந்தது. கப்பித்தான் எழுதியதைப் பழைய கடல் வரைபடங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தேன், நூற்றுக்கு நூறு நிச்சயம் என்று சொல்லமாட்டேன், ஆனால் அது உங்கள் தீவாகத்தான் இருக்கவேண்டும் என்றபோது இரண்டு பக்கமும் சேர்ந்து கைதட்டியது. முருகைத்தீவார் ஒன்றாகக் கைதட்டி அவள் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"கப்பித்தான் முதலில் தன் படகைக் கிழக்குக் கரைக்கு அனுப்பினான்" என்றார் இனெஸ்.

வசந்தமலர் மைக்கை வாய்க்குக் கொண்டுபோனாள். ஒரே ஒரு சொல். 'கரைக்கு அனுப்பினான்' என்று சொல்லிவிட்டுப் போனால் யாருக்குத் தெரியப்போகிறது? முதல் வரிசையில் யோகராஜா கைகட்டி இருந்தார். அவருக்கு இங்கிலிஷ் நன்றாகத் தெரியும், ஆனால் அந்த உச்சரிப்பில் அவரும் இவள் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பின்னால் ஜதுர்ஷிகா சுவரோடு சாய்ந்து நின்றாள். பிள்ளையைப் பார்த்தால் சொல்ல வராது என்று இவள் கண்ணை எடுத்துக்கொண்டாள்.

"கப்பித்தான் முதல்ல தன்ர படகைக் கிழக்குக் கரைக்கு அனுப்பினவன்" என்றாள்.

இடப்பக்கம் கைதட்டலில் இடிந்து விழுந்தது. விசில் வேறு. தவபாலன் எழுந்து நின்று, "தண்ணி! நான் அப்பவே சொன்னனான், தண்ணியெண்டு!" என்று கையை உயர்த்தினார். யோகராஜாவின் முகம் கறுத்தது. சால்வையை இழுத்துப் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"உந்த மனிசியை ஆர் கூட்டிக்கொண்டு வந்தது? கிழக்கார் சொல்லிக் குடுத்து வந்து கதைக்கிறா! ஒரு குடம் தண்ணிக்கு எங்கட பொம்பிளையளைப் பொழுதுபடும் மட்டும் காக்க வைச்ச சனம் உது! உவையோட சம்மந்தம் செய்யிறதிலும் பாக்க என்ர பிள்ளை கலியாணம் கட்டாமலே இருக்கட்டும்!"

சொல்லிவிட்டு வாசலைப் பார்த்து நடந்தார். வலப்பக்கத்தில் கதிரைகள் அரைபட்டன, ஒவ்வொருவராக எழும்பத் தொடங்கினார்கள். இனெஸ் ஒன்றும் விளங்காமல் வசந்தமலரைப் பார்த்தார்.

முடிந்தது, எல்லாம் முடிந்தது. ஆனால் வசந்தமலருடைய வாய் தொழில் பழகிய வாய். அது தன்பாட்டில் மைக்குக்குப் போய், யோகராஜா சொன்னது அத்தனையையும் தெளிவான இங்கிலிஷில் சொல்லத் தொடங்கியது. இந்தப் பெண்ணை யார் கூட்டிவந்தது, கிழக்கார் சொல்லிக்கொடுத்துப் பேசுகிறார், ஒரு குடம் தண்ணீருக்கு எங்கள் பெண்களை இருட்டும்வரை காக்கவைத்தவர்கள் இவர்கள், இவர்களோடு சம்மந்தம் செய்வதைவிட என் பிள்ளை கலியாணம் செய்யாமலே இருக்கட்டும். 'என் பிள்ளை' என்றுதான் சொன்னாள். குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

தமிழில் கேட்டால் பெரியவர்கள் ஏதோ கத்துகிறார்கள் என்று ஃபோனைப் பார்த்துக்கொண்டிருக்கும் இளசுகள் எல்லாம் தலை நிமிர்ந்தார்கள். தேநீர்க் கோப்பைகளோடு நின்ற ஹரிசன் தகப்பனை அப்படியே பார்த்தான்.

யோகராஜா வாசலில் நின்றுவிட்டார்.

"தங்கச்சி! அதையேன் அவவுக்குச் சொல்லுறியள்? அது எங்களுக்குள்ள கதையெல்லோ!"

வசந்தமலர் இனெஸின் பக்கம் திரும்பி அதையும் இங்கிலிஷில் சொன்னாள். தங்கச்சி, அதை ஏன் அவருக்குச் சொல்கிறீர்கள், அது எங்களுக்குள்ளான பேச்சு.

"ஐயோ, இதையுமே!" என்றார் யோகராஜா.

அவள் அதையும் சொன்னாள்.

முதலில் யாரோ ஒரு பெட்டை களுக்கென்று சிரித்தாள். பிறகு மேற்குப் பக்கத்துப் பெண்கள். யோகராஜாவின் மனைவி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். யோகராஜா வாயைத் திறந்தார், திறந்தால் அதுவும் இங்கிலிஷில் போகும் என்று யோசித்து மூடிக்கொண்டார். போகவும் முடியவில்லை, திரும்பவும் முடியவில்லை. ஒரு கை கதவில் இருந்தது.

இனெஸ் கோபிக்கவில்லை. "ஐயா, என்னைக் கூப்பிட்டது கிழக்கார் இல்லை, உங்கள் மகன்தான். தயவுசெய்து இருங்கள், நான் இன்னும் முடிக்கவில்லை. அந்தப் படகு கரைக்குப் போகவேயில்லை" என்றார்.

வசந்தமலர் அதையும் ஒரு சொல் விடாமல் தமிழில் சொன்னாள்.

கிழக்குக் கரைக்கு முன்னால் தண்ணீருக்குள் கிடந்த முருகைப் பாறை படகின் அடியைக் கிழித்துவிட்டது. கப்பித்தான் இரண்டாவது படகை மேற்குத் துறைக்கு அனுப்பினான். துறைவாயில் நீரோட்டம் அதைப் புரட்டிப்போட்டது. காற்றும் மாறிவிட்டது. அவன் தூஷணத்தில் ஏதோ எழுதிவிட்டுப் பாய் விரித்துப் போய்விட்டான். கிழக்கிலும் இறங்கவில்லை, மேற்கிலும் இறங்கவில்லை.

உயர்ந்திருந்த தவபாலனின் கை மெல்லக் கீழே வந்தது. வெட்டி வைத்த இரண்டு கல்லையும் பற்றி இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் யோசித்திருக்கவேண்டும்.

"அவனுடைய வார்த்தையிலேயே வாசிக்கிறேன்" என்று இனெஸ் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். வசந்தமலர் பின்னாலேயே போனாள்.

"கரையில சனம் கூடி நிண்டதைக் கண்டனான். ஆம்பிளையள் பாறையைக் காட்டிக் கை அசைச்சவை. பொம்பிளையள் குடங்களைத் தலைக்கு மேல தூக்கிக் காட்டினவை. எங்களுக்குத் தண்ணி தர அவை ஆயத்தமா நிண்டவை."

ஹோலில் ஒரு பெருமூச்சு எழுந்தது. எங்கள் ஆட்கள் அப்படித்தான் என்று யாரோ சொன்னார்கள். இனெஸ் அடுத்த பந்தியை வாசித்துவிட்டு அவளை ஒருமுறை பார்த்தார். வசந்தமலர் தமிழில் சொன்னாள்.

"பிறகு வேற ஒரு கரைக்குப் போனனான். அங்க பாறை இல்லை. அங்கயும் சனம் குடங்களோட வந்தது. நாங்கள் குடிச்சம். பீப்பாயளை நிரப்பினம். பிறகு நான் அந்த ஊரை எரிச்சனான். ஏலாத கிழடுகளை விட்டிட்டு, பொம்பிளையளையும் பிள்ளையளையும் கப்பலில ஏத்தினனான். கோவாவில விக்கிறதுக்கு."

'நான்' என்று சொல்லும்போது அவளுக்கு வாய் கசந்தது. தன்னுடைய சொந்த வாயால் ஓர் ஊரைக் கொளுத்தியதுபோல் இருந்தது. ஆனாலும் ஒரு சொல்லையும் அவள் விடவில்லை.

"அது எந்த ஊர், பிள்ளை?" என்று இரண்டாவது வரிசையிலிருந்து மேரிறோஸ் அக்கா கேட்டார். வசந்தமலர் கேட்டுச் சொன்னாள்.

"அவன் அந்த ஊரின்ர பேரை எழுதேல்லை. இண்டை வரைக்கும் ஒருத்தருக்கும் தெரியாது."

யோகராஜா கதவை விட்டுவிட்டு நடுப்பாதையில் முன்னால் வந்தார். சால்வை ஒரு பக்கம் தொங்கியது. இப்போது அவர் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"அப்ப... எங்கட பாறை இல்லாட்டி?"

"உங்கட தீவில இறங்கியிருப்பான்" என்றாள் வசந்தமலர், இனெஸ் சொன்னபடி.

அப்போதுதான் ஹோலுக்குள் அது இறங்கியது. நானூறு வருடத்துக்கு முன்னால் விலகிப்போன ஆபத்துக்கு இப்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டார்கள். மடியில் இருந்த பிள்ளைகளை அணைத்துக்கொண்டார்கள். "முருகா, தப்பினம்" என்று வாய்விட்டுச் சொன்னார்கள், கப்பல் இப்போதுதான் திரும்பிப்போகிறது என்பதுபோல. சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் இரண்டையும் செய்தார்கள். வசந்தமலருக்கும் வயிற்றில் பால் வார்த்ததுபோல் இருந்தது. பேர் தெரியாத அந்த ஊரை நினைத்தபோது அந்தப் பாலிலும் ஒரு துளி கசப்பு இருக்கத்தான் செய்தது.

"பாறை கிழக்குப் பக்கமெல்லோ?" என்றார் கஸ்பர் என்கிற கிழக்குக்காரர், பழக்க தோஷத்தில்.

"வாயைப் பொத்தடா!" என்றார் தவபாலன். தன் சங்கத்து ஆளை அவர் அதட்டி யாரும் கண்டதில்லை.

அவரும் பாதைக்கு இறங்கி வந்தார். இரண்டு பேரும் நேருக்கு நேர் நின்றார்கள். யார் முதலில் வாயைத் திறப்பது என்று ஹோலே பார்த்துக்கொண்டிருந்தது.

"குடம் தூக்கிக் காட்டின பொம்பிளையள்," என்றார் யோகராஜா. "அதுக்குள்ள எங்கட ஆக்களும் நிண்டிருப்பினம். தண்ணி அள்ள அங்கதானே வாறவை."

"கட்டாயம் நிண்டிருப்பினம். எல்லாரையும் ஒண்டா ஏத்திக்கொண்டு போயிருப்பான்" என்றார் தவபாலன். பிறகு, "காக்க வைச்சது பிழைதான் அண்ணை" என்றார்.

"சரி, விடும்."

"கல்லு?"

"எந்தக் கல்லு? அவன் இறங்கவேயில்லை. இறங்காதவனுக்கு என்ன கல்லு?" யோகராஜா சால்வையைச் சரிசெய்துகொண்டு மேடையைப் பார்த்தார். "தங்கச்சி, இதை அவவுக்குச் சொல்லுங்கோ. வாற புதன் காலமை எங்கட வீட்டில பொன்னுருக்கல். கலியாணம் சொன்ன நாளில நடக்கும். அவவும் வரவேணும்."

வசந்தமலர் மைக்கைக் கிட்டப் பிடித்தாள். இனெஸ் காத்திருந்தார். பின்சுவரில் ஜதுர்ஷிகா முகத்தை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு குலுங்கினாள், ஹரிசன் பக்கத்தில் போய் நின்றிருந்தான். எத்தனையோ வீட்டாருக்குச் சாவுச் செய்தியைத் தடுமாறாமல் சொன்ன வாய் அது. இந்த ஒரு நல்ல செய்தியைச் சொல்ல மாட்டாமல் நின்றது. அவள் ஒருமுறை முயன்றாள், சத்தம் வரவில்லை. இன்னொருமுறை முயன்றாள், கண்ணீர்தான் வந்தது.

யோகராஜா மேடையில் ஏறி அவள் கையிலிருந்து மைக்கை வாங்கினார். இனெஸின் பக்கம் திரும்பி, தன் கணக்காளர் இங்கிலிஷில், நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

"கலியாணம் நடக்கும் என்று சொல்கிறோம், மேடம். என் மருமகளின் தாயார் சந்தோஷத்தில் அழுகிறார். வேறொன்றும் இல்லை."